பக்கத்து நாட்டு லீக்கில் ஆடும் கிளப்: புருணை டி.பி.எம்.எம். கதையும் நம்ம நெல்லைச் சீமைப் பயல்களும்

பாளைப் பந்தாட்டம்

2025–26 பருவத்துல புருணைக் கால்பந்துக் கிளப் டி.பி.எம்.எம். மலேசிய சூப்பர் லீக்குக்கே திரும்பிப் போயிருக்கு. நம்ம குழுவில பிரீமியர் லீக், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பேச்சுதான் எப்பவும் ஓடுது. இந்தக் கிளப்பைப் பத்தி யாரும் எழுதக் காணோம். அதனால நானே தொடங்குதேன்.

புருணை மக்கள்தொகை ஏறக்குறைய நாலரை லட்சம். 2011 கணக்கெடுப்புல நம்ம திருநெல்வேலி மாநகராட்சியிலேயே 4.7 லட்சம் பேர் இருந்தாங்க. நம்ம டவுனும் பாளையும் மேலப்பாளையமும் சேர்ந்த அளவு ஒரு நாடு. அங்க முழுநேரத் தொழில்முறைக் கிளப்னு சொன்னா டி.பி.எம்.எம்.தான். அந்த எழுத்துகள் பட்டத்து இளவரசருடைய மரியாதைப் பட்டத்தைக் குறிக்கும். கிளப்பும் இளவரசர் அல்-முஹ்ததீ பில்லாவோடதுதான். அவரே அந்தக் கிளப்புக்குக் கோல்கீப்பரா நின்னவர்.

உள்ளூர் லீக்கில ஆடினா போட்டி பத்தாது. அதனால 2000களின் நடுவுல மலேசிய லீக்குக்குப் போனாங்க. 2006–07 சூப்பர் லீக்கில மூணாவது இடம். அப்புறம் புருணைக் கால்பந்துச் சங்கத்தோட பதிவை அரசாங்கமே ரத்து பண்ணிச்சு. மலேசியக் கதவு அடைஞ்சதும் 2009ல சிங்கப்பூர் எஸ்.லீக்குக்குப் போனாங்க. போய்ச் சேர்ந்த வருஷமே லீக் கோப்பை (இது லீக் பட்டம் இல்ல, தனிப் போட்டி) அவங்க கையில. ஆனா அந்தச் செப்டம்பர்லயே, அரசு தலையீடுன்னு சொல்லி ஃபிஃபா புருணையை இடைநீக்கம் பண்ணிருச்சு. பருவம் முடியுறதுக்குள்ள கிளப் வெளிய. அது லீக்கில ஆடின ஆட்டங்களோட முடிவு எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க.

தடை விலகி 2012ல திரும்ப வந்தாங்க. அந்த வருஷமும் 2014லயும் லீக் கோப்பை. 2014ல லீக் பட்டம் கடைசி நாள்ல நழுவிப் போச்சு. 2015ல ஸ்டீவ் கீன் பயிற்சியில அதையும் வாங்கினாங்க. 2019ல ஏட்ரியன் பென்னக் பயிற்சியில மறுபடி. அடுத்த வருஷம் கொரோனா. எல்லை மூடினதும், நடப்புச் சாம்பியன் ஆட வழியில்லாம விலகி, 2023லதான் சிங்கப்பூர் லீக்குக்குத் திரும்ப முடிஞ்சுது.

என் கேள்வி இது. சொந்த நாட்டுல மேடை இல்லாதவன் அடுத்தவன் மேடையில ஆடுறது சரியான வழியா? நான் சரின்னுதான் சொல்லுவேன். ஆனா அந்தக் கிளப் யாரைக் கூட்டிக்கிட்டுப் போகுதுங்கிறதைப் பொறுத்து. மத்தவங்களும் சொல்லுங்க.

கடையநல்லூரான்

அண்ணாச்சி, நல்ல இழை. எங்க ஊர்ல பாதி வீட்டுக்குச் சிங்கப்பூர்ப் பேச்சு உண்டு. கடையநல்லூர், தென்காசி ஆட்கள் தஞ்சோங் பகார் பக்கம் துறைமுக வேலைக்குப் போயி அங்கயே சங்கம் வச்சு வாழ்ந்தவங்க. எங்க தாத்தாவும் அதுல ஒருத்தர். அவர் சொன்ன பந்தாட்டக் கதை எல்லாமே, மலேசிய மாநில அணிகளோட சிங்கப்பூரும் மோதின மலேசியக் கோப்பைக் கதைதான்.

புருணையை மட்டும் பார்த்தா பாதிக் கதைதான் தெரியும். சிங்கப்பூரே பல்லாண்டு காலம் பக்கத்து நாட்டுப் போட்டியில ஆடின ஊர்தான். காலாங் ஸ்டேடியத்துல 55,000 பேர் உக்காந்து கத்துவாங்களாம். 1994ல லீக், கோப்பை ரெண்டும் அவங்களுக்கு. ஷா ஆலம்ல நடந்த இறுதிப் போட்டியில பஹாங்கை 4–0ன்னு அடிச்சாங்க, அப்பாஸ் சாத் மூணு கோல். அதுதான் உச்சம். அதோட முடிஞ்சும் போச்சு. டிக்கெட் வசூலைப் பங்கு வைக்குறதுல தகராறு வந்து சிங்கப்பூர் விலகிருச்சு. 1996ல எஸ்.லீக் பொறந்ததுக்கு அதுதான் காரணம்.

பொறவு 2012ல லயன்ஸ் டுவெல்வ்னு ஒரு இளைஞர் அணியை மலேசிய லீக்குக்கு அனுப்பினாங்க. 2013ல பட்டம். பயிற்சியாளர் யாரு? வி. சுந்தரமூர்த்தி, நம்ம தமிழர். ஆடுன காலத்துல மொத்தச் சிங்கப்பூரும் கொண்டாடின ஆளு. 2015ல மலேசியக் கால்பந்துச் சங்கத்தோட எப்.ஏ. கோப்பையும் வாங்கினாங்க. அதே வருஷக் கடைசியில, ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டோம்னு மலேசியச் சங்கம் சொல்லிருச்சு. கோப்பை வாங்கின அணி அந்த வருஷமே கலைஞ்சுது.

விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு நம்ம பெரியவங்க சொல்லுததுதான். அடுத்தவன் லீக்கில நீ எவ்வளவு ஜெயிச்சாலும், போன்னு சொல்ல அவனுக்கு ஒரு கடிதாசி போதும். எனக்கு அதுதான் பயம். டி.பி.எம்.எம். மலேசியாவுக்கு மாறினதையும் அதனாலதான் நான் கொண்டாடல.

அம்பை வாசகி

கடையநல்லூர் அண்ணன் சொல்லுதது ஆசியாவுக்குப் பொருந்தும். எல்லா இடத்துக்கும் அதையே நீட்ட முடியாது. நான் அயர்லாந்து கால்பந்தைப் படிச்சவ, அதனால டெர்ரி சிட்டியைப் பத்திச் சொல்லுதேன்.

டெர்ரி வட அயர்லாந்துல எல்லையை ஒட்டின ஊர். 1970களின் தொடக்கத்துல அங்க கலவரம். 1971ல பந்து ஆட வந்த பாலிமணி அணியோட பஸ்ஸையே எரிச்சுட்டாங்க. அப்புறம் டெர்ரி மைதானத்துக்கு வர மத்தக் கிளப்புகள் மறுத்தாங்க. சொந்த ஊர் ஆட்டத்துக்கே 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோல்ரெய்னுக்குப் போய் ஆட வேண்டிய நிலைமை. 1972ல லீக்கை விட்டே விலகிட்டாங்க. பதிமூணு வருஷம் அந்த ஊருக்கு உயர்மட்டக் கால்பந்தே இல்ல. ஒரு தலைமுறைப் பயல்கள் சொந்த அணி இல்லாமலே வளர்ந்தாங்க.

1985ல எல்லைக்கு அந்தப்பக்கம், அயர்லாந்துக் குடியரசு லீக்கில சேர்ந்தாங்க. 1988–89ல லீக், எப்.ஏ.ஐ. கோப்பை (அயர்லாந்துச் சங்கக் கோப்பை), லீக் கோப்பை மூணும் ஒரே பருவத்துல. அடுத்து ஐரோப்பியக் கோப்பையில போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகாவோட ஆட்டம். இன்னைக்கும் அந்த லீக்கிலதான் இருக்காங்க. அவங்களை யாரும் வெளிய தள்ளல.

வேல்ஸ் கதையும் அப்படித்தான். இங்கிலாந்து லீக்கில ஆடுற வேல்ஸ் கிளப் கார்டிஃப், 1927லயே அர்சனலைத் தோற்கடிச்சு இங்கிலாந்து எப்.ஏ. கோப்பையைக் கொண்டுபோச்சு. தனி நாடான மொனாக்கோவோட கிளப் பிரான்ஸ் லீக்கில பலதடவை சாம்பியன். பக்கத்து லீக்ல ஆடுறதால ஊர்ப்பற்று குறையும்னு ஒண்ணும் கிடையாது. டெர்ரிக்காரனுக்கு அந்த லீக்தான் உசுரக் காப்பாத்தினது.

குற்றாலச் சாரல்

ஒரு சந்தேகம். டெர்ரி ஐரோப்பியக் கோப்பைக்குப் போச்சுன்னு அக்கா சொல்லுதாங்க. டி.பி.எம்.எம். சிங்கப்பூர்ல ரெண்டு தடவை பட்டம் வாங்கிருக்கே, அவங்க ஏன் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போகல?

பாளைப் பந்தாட்டம்

தம்பி, இந்த விஷயத்தோட முடிச்சே அங்கதான் இருக்கு. ஆசியப் போட்டிக்கான இடம் கிளப்புக்குக் கிடைக்கிறது இல்ல, நாட்டுக் கால்பந்துச் சங்கத்துக்குக் கிடைக்கிறது. சிங்கப்பூருக்கு உள்ள இடத்தைச் சிங்கப்பூர்க் கிளப்தான் எடுத்துக்கும். 2015லயும் 2019லயும் டி.பி.எம்.எம். முதலிடம், டாம்பைன்ஸ் ரோவர்ஸ் ரெண்டாமிடம். ஆசியாவுக்குச் சிங்கப்பூர் சார்பாப் போனது டாம்பைன்ஸ். பட்டம் வாங்கினவன் வீட்டுல இருந்து டி.வி.யில பார்த்தான்.

டெர்ரிக்கும் மொனாக்கோவுக்கும் ஐரோப்பாவுல அவங்க ஆடுற லீக் வழியாவே போக அனுமதி இருக்கு. எல்லாருக்கும் அப்படி இல்ல. லீக்டன்ஸ்டைன்னு ஒரு குட்டி நாடு. அங்க லீக்கே கிடையாது. ஏழே கிளப், ஏழும் சுவிஸ் லீக்கில பல பிரிவுகள்ல ஆடுதுக. ஆனா அந்த நாட்டுச் சங்கம் தனியா ஒரு கோப்பைப் போட்டி நடத்துது. அதுல ஜெயிச்சவங்களுக்கு ஐரோப்பிய வாசல். வாடுஸ் கிளப் 2022–23ல யூரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் குழு ஆட்டம் வரைக்கும் போனது அந்தக் கோப்பையை வச்சுத்தான்.

புருணையும் அந்த வழிக்குத்தான் வந்திருக்கு. சிங்கப்பூர்ப் பட்டம் திறக்காத கதவு, 2022ல புருணை எப்.ஏ. கோப்பையை வாங்கினதும் திறந்துச்சு. 2023ல, அப்ப ஆசியாவோட ரெண்டாம் மட்டக் கிளப் போட்டியா இருந்த ஏ.எப்.சி. கோப்பையோட தகுதிச் சுற்றுக்குப் போனாங்க. அந்த உள்ளூர்க் கோப்பையில எதிரணி எவ்வளவு பலவீனமா இருந்தாலும், ஆசியாவுக்கு டிக்கெட் அங்கதான் கிழிக்கிறாங்க.

வெலிங்டன் ஃபீனிக்ஸ் நிலைமை இதைவிட இறுக்கம். நியூசிலாந்து கிளப், 2007ல இருந்து ஆஸ்திரேலிய ஏ-லீக்கில ஆடுது. ஆஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்புல, நியூசிலாந்து ஓசியானியாவுல. அதனால ஏ-லீக்கில எந்த இடம் வந்தாலும் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் கிடையாது. கொரோனாப் பருவத்துல ஊரை விட்டு வந்து ஆஸ்திரேலியாவுல வொல்லங்காங்ல குடியிருந்து ஆடினாங்க. 2024ல இன்னொரு நியூசிலாந்து கிளப் ஆக்லாந்து எப்.சி. சேர்ந்து, முதல் பருவத்துலயே புள்ளிப் பட்டியல்ல முதலிடம். அவங்களுக்கும் ஆசியக் கதவு அடைப்புத்தான்.

மணப்பாட்டுப் பயல்

எல்லாரும் வெளிநாட்டைப் பேசுதிய. நம்ம கடற்கரைக் கதை ஒண்ணு சொல்லட்டா?

எங்க ஊர்ல புட்பால் யாரும் கத்துக் கொடுத்து வந்ததில்ல. நடக்கத் தெரிஞ்சா ஆடுவான். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல உயரத் தூக்கிப் போட்ட பந்து எங்க விழும்னு சொல்ல முடியாது. மேல போயிட்டு அப்படியே பின்னால திரும்பி வரும். அதனால சின்னதுலயே பந்தைத் தரையோட உருட்டி, ரெண்டே தொடுதல்ல விடப் பழகிருவான். மணல்ல ஓடின காலு. புல்லுத் தரையில விட்டா எவனும் பிடிக்க முடியாது. கோயில் திருவிழா டோர்னமென்ட்டுக்கு வந்து பாருங்க. உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி அணி வந்தா ஊரே மைதானத்துலதான் நிக்கும்.

இந்தப் பயலுவ பதினெட்டு வயசு தாண்டினா எங்க போறானுவ? கேரளா. மழை விட்ட பொறவு அங்க செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுத பந்தாட்டம், தொடங்கும். மலப்புறம் பக்கம் அறுத்த வயல்ல மூங்கில் கேலரி கட்டி, ராத்திரி லைட்டுப் போட்டு ஆடுவாவ. ஆப்பிரிக்காவுல இருந்துகூட ஆளு வருது. ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு கையில காசு. நம்ம பயலுக்கு அது பெரிய காசு. ஒரு சீசன்ல ரெண்டு மூணு ஜெர்சி மாத்தி ஆடுவான். இன்னைக்கு யாருக்கு ஆடுதான்னு அவன் அம்மைக்கே தெரியாது.

எங்க தெருவுல ஒருத்தன் அப்படிப் போனவன்தான். இடது காலால அவன் கார்னர் அடிச்சா பந்து ரெண்டாவது போஸ்ட்ல வந்து இறங்கும். ஒரு ஆட்டத்துல முட்டி திருகிப்போச்சு, ஜவ்வு அறுந்துட்டு. கூட்டிப்போன ஆளு பஸ் காசு மட்டும் கொடுத்து அனுப்பிட்டான். காப்பீடு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. இன்னைக்கு நொண்டிக்கிட்டேதான் அப்பாகூட வள்ளத்துக்குப் போறான். அவனுக்கு 23 வயசு.

டி.பி.எம்.எம். ஆட்டக்காரன் பக்கத்து நாட்டுக்குப் போகும்போது கிளப் சட்டை போட்டு, சம்பளத்தோட, டாக்டரோட போறான். எங்க பயல் தனியாப் போறான். நான் பார்க்குத வித்தியாசம் இதுதான்.

பேட்டை பி.டி. வாத்தியார்

தம்பி, உன் பதிவை ரெண்டு தடவை படிச்சேன். என் பள்ளிக்கூடத்துப் பையன்கள்லயும் இப்படிப் போனவங்க உண்டு. ஆத்திரத்தை ஒதுக்கி வச்சுட்டு, இது எப்படி நடக்குதுன்னு விளக்கமா எழுதுறேன்.

செவன்ஸ் ஏ.ஐ.எப்.எப். (அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம்) அங்கீகாரம் பெற்ற ஆட்டம் இல்லை. அதில் நீ பத்து வருஷம் ஆடினாலும் பதிவேட்டில் ஒரு வரி வராது. அங்கீகாரம் உள்ள ஆட்டம் என்றால் கிளப் மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் வழியாகப் பதிவாகி இருக்க வேண்டும், ஆட்டக்காரன் பெயர் ஏ.ஐ.எப்.எப்.பின் மையப் பதிவில் இருக்க வேண்டும். வேறு மாநிலக் கிளப்புக்குப் போவதற்கு முறையான மாற்றல் உண்டு. அது தடை இல்லை, வழிதான். ஆனால் பதிவே இல்லாத பையனை எதிலிருந்து எதற்கு மாற்றுவது?

நம்ம பக்கத்தில் ஒரு கசப்பான உண்மை. திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் 150 கிலோமீட்டர் போலத்தான். செங்கோட்டை தாண்டினால் புனலூர், கொல்லம். பாலருவி எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியில் ஏறினால் பாலக்காடு வரை கொண்டுபோய் விடும். நம்ம பையன் சென்னை லீக்கின் சீனியர் டிவிஷனில் ஆட வேண்டும் என்றால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். அந்த வாடகையை எந்தக் குடும்பம் கொடுக்கும்? அதனால் மலைக்கு அந்தப்பக்கம் போகிறான். 2024இல் சூப்பர் லீக் கேரளா ஆறு அணிகளோடு தொடங்கியது. முதல் பட்டம் காலிகட்டுக்கு. திருவனந்தபுரத்துக்கு கொம்பன்ஸ் அணி. முறையான ஒப்பந்தத்தோடு நம்ம பையன்கள் அங்கே போனால் நான் மாலை போட்டு அனுப்புவேன்.

பாளைப் பந்தாட்டம் எழுதிய 2009 இடைநீக்கத்தை யாரும் புருணைக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் நமக்கும் அதேதான் நடந்தது. சங்க நிர்வாகத்தில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்று ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அதற்குள் கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்திருந்தது. ஆட விடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் தடை விலகியது, ஆனால் போட்டி போனது போனதுதான். அந்தப் பெண்கள் செய்த தப்பு என்ன? 2009இல் டி.பி.எம்.எம். ஆட்டக்காரர்கள் செய்த தப்பு என்ன? சங்கத்துக் கோப்புகளில் நடக்கிற சண்டைக்கு விலை கொடுப்பது எப்போதும் மைதானத்தில் நிற்கிறவர்கள்தான்.

கடையநல்லூரான்

சார் சொல்லுதது நூத்துக்கு நூறு சரி. நான் சொன்ன பயமும் அதுதான். நம்ம கையில பிடி இல்லாத இடத்துல ஆடுதோம்.

ஒண்ணு சேர்க்கணும். சிங்கப்பூர் லீக், விருந்தாளிக் கிளப்புகளை வச்சே பல வருஷம் ஓட்டினது. ஜப்பான் கிளப்போட கிளை அல்பிரெக்ஸ் நிகாட்டா 2004ல வந்தாங்க. 2016ல இருந்து 2023க்குள்ள ஆறு பட்டம் வாங்கினாங்க. நடுவுல 2019 டி.பி.எம்.எம்.முக்கு. கணக்குப் பாருங்க, அந்த எட்டு வருஷத்துல சொந்த ஊர்க் கிளப்புக்கு மிஞ்சினது 2021ல லயன் சிட்டி வாங்கின ஒண்ணுதான். வீட்டுக்காரனுக்கும் இதுல வலி இருக்கு.

அம்பை வாசகி

அதை வலின்னு மட்டும் பார்க்காதீங்கண்ணே. வெளிக் கிளப் வந்து ஜெயிச்சா உள்ளூர்க் கிளப் எந்த மட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சுருது. தெரிஞ்சதாலதான் திருத்த முடியும். எல்லாரையும் வெளிய நிறுத்திட்டு நமக்குள்ள நாமே ஜெயிச்சுக்கிட்டா ஆட்டம் வளருமா?

பாளைப் பந்தாட்டம்

புருணைத் தேசிய அணியையும் பார்த்துருவோம். 2022ல கிழக்குத் தைமூரைத் தகுதிச் சுற்றில தாண்டி, 1996க்குப் பிறகு முதல் தடவையா தென்கிழக்கு ஆசிய நாடுகளோட ஆசியான் போட்டிக்குப் போனாங்க. போன இடத்துல நாலு ஆட்டமும் பெரிய தோல்வி. தாய்லாந்து அஞ்சு கோல் போட்டுச்சு, இந்தோனேசியா ஏழு. வெளிநாட்டு லீக்கில ஆடுற ஒரு கிளப் இருந்தாலும் 20, 25 பேருக்குத்தான் நல்ல ஆட்டம் கிடைக்கும். அவங்களுக்குக் கீழ அடுத்த 200 பேர் ஆட லீக் இல்லைன்னா தேசிய அணி அந்த இடத்துலயேதான் நிக்கும்.

ஆனா அந்த 25 பேர் முக்கியம் இல்லைன்னு நான் ஒத்துக்க மாட்டேன். 1999ல புருணை அணி, மலேசிய மாநில அணிகளோட சேர்ந்து மலேசியக் கோப்பையில ஆடி, இறுதியில சரவாக்கை 2–1ன்னு ஜெயிச்சது. அந்தக் கோப்பையைப் பார்த்து வளர்ந்த பயல்கள்தான் பின்னால டி.பி.எம்.எம். சட்டை போட்டாங்க. இப்ப மலேசிய லீக்கில அதே போர்னியோத் தீவுல இருக்கிற சபாவும் கூச்சிங் சிட்டியும் எதிரணி. சிங்கப்பூருக்கு ரெண்டு மணி நேரம் பறந்து போய் ஆடினதைவிட, தீவுக்குள்ளயே ரெண்டு எதிரி இருக்கிறது கிளப்புக்கு நல்லது. ரசிகன் கூடப் போக முடியும்.

அதனால நான் கேட்குறது இதுதான். நம்ம சீமையில இருந்து பயல் வெளிய போகட்டும், கிளப் பேரோட போகட்டும். அந்தக் கிளப்புக்கு இங்க வேர் வேணும்.

பேட்டை பி.டி. வாத்தியார்

வேர் என்றால் லீக். டோர்னமென்ட் இல்லை. நம்ம பக்கம் டோர்னமென்ட்டுக்குக் குறைவே கிடையாது. பொங்கலுக்கு, திருவிழாவுக்கு, யாராவது நினைவாக. எல்லாம் நாக்-அவுட். தோற்ற அணி முதல் நாளே வீட்டுக்குப் போய்விடும். முப்பது கிலோமீட்டர் வேன் வைத்து வந்த பையனுக்கு ஒரே ஆட்டம். லீக் என்றால் தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. பதினாறு வயதுப் பையனுக்கு வருஷத்தில் 25, 30 போட்டி ஆட்டமாவது வேண்டும். நம்ம பையன் அதில் பாதி ஆடினால் பெரிது.

சிவசக்தி நாராயணனைப் பாருங்கள். காரைக்குடிப் பக்கத்துப் பையன். பெங்களூரு எப்.சி.யில் ஆடி 2022–23 ஐ.எஸ்.எல்.லில் வளரும் வீரர் விருது வாங்கினான். அவன் வெளியே போனது சரி. போகும் முன்னால் அவனுக்கு ஒரு அகாடமி இருந்தது. மதுரையில் சேது எப்.சி. பெண்கள் அணி 2018–19இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. மதுரையில் முடிந்தது பாளையங்கோட்டையில் ஏன் முடியாது?

மணப்பாட்டுப் பயல்

சார், அப்ப ஒரு கேள்வி. கடற்கரை ஊர் எட்டு, பாளை, பேட்டை, கடையநல்லூர், தென்காசின்னு உள்நாட்டுல இருந்து நாலு. பன்னிரண்டு அணி. ஊருக்கு ஊரு போய் வீட்டு ஆட்டம், வெளியாட்டம்னு ஆடினா ஆளுக்கு 22 ஆட்டம். எங்களுக்கு ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறது கிடையாது, அன்னைக்கு சாயங்காலம் வைக்கலாம். ஆனா இன்னைக்கு இது தூத்துக்குடி, நெல்லை, தென்காசின்னு மூணு மாவட்டம் ஆயிட்டு. மூணு மாவட்டச் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பதிவு கிடைக்குமா? இல்ல, ஒரு மாவட்டத்துல லீக்கைப் பதிவு பண்ணிட்டு மத்த ஊர் அணிகளை அதுல சேர்த்துக்கலாமா?

பேட்டை பி.டி. வாத்தியார்

மூன்று சங்கத்தின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு மாநிலச் சங்கத்திடம் போவதுதான் பாதுகாப்பு. வாய்வார்த்தையில் தொடங்கினால் கடையநல்லூரான் சொன்ன கதி நமக்கும் வரும். நான் மனு எழுதித் தருகிறேன். ஊர் வாரியாக அணிப் பெயர், மைதானம், பொறுப்பாளர், 18 வயதுக்குக் கீழ் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மைதானத்தின் நீள அகலத்தையும் நாடா வைத்து அளந்து எழுதுங்கள், கோயில் மைதானம் பலதும் முழு அளவு இருக்காது.

கடையநல்லூரான்

கடையநல்லூர் அணி நான் பொறுப்பு. பட்டியல் நாளைக்குள்ள வந்துரும் சார்.